ஒருத்தி வந்தால் ஒருத்தி போகலாம்

எல்விராவை நான் நேரில் பார்த்தது இரண்டே தடவைதான். ஆனால் கூடப்பிறந்த தங்கையோடு பேசியதைவிட அவளோடு அதிகம் பேசியிருப்பேன். ஸ்பெயினில் வீகோ என்ற துறைமுக ஊரில், ஒரு கல்லூரியில் அவளுக்கு வேலை. இங்கிலாந்தில் ஹல் என்ற துறைமுக ஊரில் ஒரு கல்லூரியில் எனக்கு. இரண்டு பேரும் செய்தது ஒன்றுதான்: இங்குள்ள பிள்ளைகளை அங்கே அனுப்புவது, அங்குள்ள பிள்ளைகளை இங்கே வரவழைப்பது. அரை வருடம் படித்துவிட்டு, தலைமுடியை வேறு மாதிரி வெட்டிக்கொண்டு, கொஞ்சம் மெலிந்தோ பெருத்தோ திரும்பி வருவார்கள். வருடத்துக்கு ஒரு பையனாவது அழுதுகொண்டே விமானம் ஏறுவான். அவன் எந்தப் பெண்ணுக்காக அழுகிறான் என்று நானும் எல்விராவும் தொலைபேசியில் பேசிப் பேசிக் கண்டுபிடித்துவிடுவோம்.

எங்கள் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியபோது எராஸ்மஸ் திட்டத்தையும் விட்டு வெளியேறியது. எங்கள் பிள்ளைகளின் பயணச் செலவும் கட்டணச் சலுகையும் அந்தத் திட்டத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தன. அதற்குப் பதிலாக லண்டனில் ஒன்று கொண்டுவந்தார்கள். அதில் போகிற பிள்ளைக்குப் பணம் உண்டு, வருகிற பிள்ளைக்குக் கிடையாது. ஜெர்மன்காரர்கள் மரியாதையாக வருத்தம் தெரிவித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். ஸ்வீடன்காரர்கள் அதைக்கூடச் செய்யவில்லை.

எல்விரா மட்டும் விடவில்லை. தன் மேலதிகாரியோடு சண்டை போட்டு எங்கள் ஒப்பந்தத்தைக் காப்பாற்றினாள். ஒரு நிபந்தனையோடு. அங்கிருந்து ஒருவர் வந்தால்தான் இங்கிருந்து ஒருவர் போகலாம். அப்படி மாற்றிக்கொண்டால் இரு பக்கமும் படிப்புக் கட்டணம் இல்லை. வர ஆள் இல்லையென்றால், போகவும் வழியில்லை.

முதல் வருடம் யாரும் வரவில்லை. ஏன் வருவார்கள்? முன்பு வந்த பிள்ளைகள் சாயங்காலத்தில் மதுக்கடையில் கோப்பை கழுவியாவது வாடகை கட்டினார்கள். இப்போது வேலை பார்க்க அனுமதியே இல்லை. ஒன்றியத்திலேயே இருக்கிற அயர்லாந்தில், டப்ளினுக்குப் போனால் உதவித்தொகையும் உண்டு, வேலையும் உண்டு, ஆங்கிலமும் உண்டு. மழைகூட உண்டு.

அந்த நிலையில்தான் லோர்னா என் அறைக்கு வந்தாள். ஸ்பானிய மொழி படிக்கிற இரண்டாம் ஆண்டுப் பெண். குட்டையான உருவம், பெரிய குரல். வாரக் கடைசியில் ஹெஸ்ஸல் ரோட்டில் ஒரு சிப்ஸ் கடையில் வேலை பார்ப்பாள். அதனால் அவள் கோட்டில் எப்போதும் கொஞ்சம் வினிகர் வாசம் அடிக்கும்.

"மாவிஸ், வீகோவுக்கு இந்த வருஷமும் இடம் இல்லையாமே?"

"இடம் இருக்கு. அங்கேருந்து யாரும் வரல. வந்தாத்தான் போகலாம்."

"எத்தன பேர் வரணும்?"

"நீ ஒருத்தி போறதுக்கு ஒருத்தர் வந்தா போதும்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஒரே ஒருத்தர்தானே? புடிச்சிட்டா போச்சு."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. எல்விராவின் எண்ணை வாங்கிக்கொண்டு போனாள். அடுத்த வாரமே எல்விராவின் வகுப்பில், பெரிய திரையில், லோர்னாவின் முகம். நானும் என் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மொழிபெயர்ப்பாளராக வேண்டும் என்பது அவளுடைய ஆசை. ஆனால் அவளுடைய ஸ்பானியம் அன்றைக்கு ஓட்டை டயர் மாதிரிதான் ஓடியது. அவளுக்குக் கூச்சமே இல்லை. ஹல்லைப் பற்றி நல்லதாக மூன்று விஷயம் சொன்னாள், கெட்டதாக ஐந்து சொன்னாள். பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு ஒரு பையன் கேட்டான், "தங்க எடம்? சாப்பாடு?"

"எங்க வீடு," என்றாள் லோர்னா. "என் ரூம். எங்கம்மா சமையல். வாடகை கிடையாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது என்று எனக்குத் தெரியும். பின் வரிசையில், கண்ணாடி போட்ட ஒரு பெண் கையைத் தூக்கினாள். அவள் பெயர் சபேலா.

"இப்ப அப்பாகிட்ட யாராவது சொல்லணும்," என்றாள் லோர்னா என்னிடம், பிறகு. "நீங்க கூட வந்தீங்கன்னா கொஞ்சம் கத்தமாட்டாரு."

அவள் அப்பா நெவிலை எனக்கு இருபது வருடமாகத் தெரியும். நானும் அதே தெருக்காரிதான். மீன் அறுக்கும் கூடத்தில் நாற்பது வருடம் கத்தி பிடித்தவர். அவருடைய அப்பா ஐஸ்லாந்துக் கடலுக்கு மீன் பிடிக்கப் போன டிராலர்காரர். அந்தக் கடலை ஐஸ்லாந்துக்காரர்கள் மூடினார்கள். மிச்சமிருந்த கடலுக்கு ஸ்பானியப் படகுகள் வந்தன. நெவிலைக் கேட்டால் எல்லாக் கேட்டுக்கும் காரணம் ஒன்றியத்தின் தலைமையகம் இருக்கிற பிரஸ்ஸல்ஸ். வெளியேறும் ஓட்டுக்கு முன்னால் அவர் வீட்டு ஜன்னலில் ஒட்டியிருந்த போஸ்டர், மழையில் வெளுத்து எழுத்தெல்லாம் போன பிறகும் கிழிக்கப்படாமல் இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனோம். சாப்பாட்டு மேசையில் நெவில் பொரித்த ஹாடக் மீன், சிப்ஸ், பட்டாணி.

"என்ன மாவிஸ், இவ்ளோ டிரஸ் பண்ணிட்டு வந்திருக்க? யாராவது செத்துட்டாங்களா?"

"இல்ல நெவில். உன் பொண்ணு ஒண்ணு சொல்லணுமாம். பக்கத்துல ஆள் வேணுமாம்."

லோர்னா ஒரே மூச்சில் சொன்னாள். "அப்பா, செப்டம்பர்ல ஸ்பெயின்லேருந்து ஒரு பொண்ணு நம்ம வீட்டுக்கு வரா. ஜனவரி வரைக்கும் என் ரூம்ல இருப்பா."

"நீ எங்க படுப்ப?"

"நான் அவ ஊர்ல இருப்பேன்."

நெவில் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "அவ வரலன்னா?"

"நான் போக முடியாது."

"இதென்னடா இது. போர்ல கைதி மாத்திக்கிற மாதிரி இருக்கு." என்னைப் பார்த்தார். "முன்னாடி இப்படி இல்லையே? எதிர்வீட்டு டிரெவரோட பய போர்ச்சுகல் போனான். இஷ்டத்துக்குப் போனான், தாடியோட வந்தான்."

"அது முன்னாடி," என்றாள் லோர்னா, தட்டைப் பார்த்தபடி.

லோர்னாவின் அம்மா டோரீன் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள். சத்தமில்லாத பெண் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள்தான் வாயைத் திறந்தாள்.

"முழுசா சொல்லேன்டி. அவருக்குத் தெரியாதா என்ன? ஜன்னல்ல போஸ்டர் ஒட்டினது நானா?"

"நான் மீனுக்காகப் போட்டேன், டோரீன்."

"மீன் வந்துச்சா?"

"வரும்னு சொன்னாங்க."

"வந்துச்சான்னு கேட்டேன்."

நெவில் சிப்ஸ் ஒன்றை எடுத்து, கடிக்காமல் வைத்திருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "பசங்க படிப்பையும் சேத்து வெட்டுவாங்கன்னு யாரும் எங்கிட்ட சொல்லல. முள்ள எடுக்கச் சொன்னா சதையோட எடுத்துட்டானுங்க."

"மறுபடி ஓட்டு வெச்சா மாத்திப் போடுவீங்களாப்பா?" என்று லோர்னா கேட்டாள்.

"மாட்டேன்," என்றார். ஒரு வாய் டீ குடித்தார். "ஆனா அந்தப் பொண்ணு வரட்டும். உன் ரூம்ல அந்த ஊதா பெயிண்ட பாத்தா பயந்து ஓடிரும். நான் வேற அடிக்கிறேன்."

அவர் வெள்ளை அடித்தார். கதவில் புதிதாக ஒரு கொக்கியும் வைத்தார், துண்டு மாட்ட.

ஜூலையில் எல்விரா தொலைபேசியில் வந்தாள். குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது.

"மாவிஸ், சபேலாவோட அப்பா கப்பல்லேருந்து வந்துட்டார். விஷயத்தக் கேட்டுட்டு முடியாதுங்கறார்."

ஷொசே என்று பெயர். அவரும் டிராலர்காரர். மாதக்கணக்கில் கடலில் இருந்துவிட்டு வந்தவருக்கு, மகள் யாரோ ஆங்கிலேயன் வீட்டுக்குப் போகிறாள் என்று சமையலறையில் வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். யார் வீடு, எப்படிப்பட்ட ஆள் என்று நேரில் பேசாமல் அனுப்பமாட்டேன் என்றாராம்.

"அப்ப பேசச் சொல்லு," என்றேன். "இந்தப் பக்கம் இருக்கறவரும் லேசுப்பட்ட ஆளில்ல."

சனிக்கிழமை மத்தியானம் லோர்னாவின் கணினி முன்னால் உட்கார்ந்தோம். நெவில் கல்யாணத்துக்குப் போடும் சட்டையைப் போட்டிருந்தார். திரையில் மூன்று முகங்கள்: வெயிலில் கறுத்த, புருவம் அடர்ந்த ஷொசே; அவர் மனைவி மரூஷா; நடுவில் சபேலா. அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது, இவர்களுக்கு ஸ்பானியம் தெரியாது. நடுவில் லோர்னா.

ஷொசே ஆரம்பித்தார். நிறுத்தவே இல்லை. கையை ஆட்டினார், ஒரு தடவை மேசையைத் தட்டினார். முடித்ததும் நெவில் மகளைப் பார்த்தார்.

"உங்கள பாத்ததுல ரொம்ப சந்தோஷம்னு சொல்றாருப்பா."

"இவ்ளோ நேரமும் அதையேவா சொன்னாரு?"

திரையில் சபேலா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, அவளே ஆங்கிலத்தில் சொன்னாள்: "இல்ல சார். எங்களப் புடிக்கலன்னுதானே கதவச் சாத்தினீங்க, அந்த வீட்டுக்குள்ள என் பொண்ணு எதுக்கு வரணும்னு கேக்கறார்."

லோர்னாவின் காது சிவந்தது. நெவில் அவள் பக்கம் திரும்பினார். "கண்ணு, நீ மொழிபெயர்ப்பாளரா ஆகணும்ங்கற. அப்ப உள்ளத உள்ளபடி சொல்லு. அவர் சொன்னதையும் சொல்லு, நான் சொல்றதையும் சொல்லு."

"சரிப்பா."

"அவர்கிட்ட சொல்லு. உங்க கப்பலுங்க மேல எனக்குக் கோவம் உண்டு. இன்னும் போகல. போகவும் போகாது. ஆனா உங்க மேல கோவம் எப்படி வரும், உங்கள எனக்குத் தெரியவே தெரியாதே?"

லோர்னா தயங்கித் தயங்கி, ஒரு சொல்லும் விடாமல் சொன்னாள். ஷொசேவின் புருவம் கொஞ்சம் இறங்கியது. ஏதோ கேட்டார்.

"நீங்க கடலுக்குப் போயிருக்கீங்களான்னு கேக்கறாரு."

நெவில் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஒரே ஒரு தடவ. பதினாறு வயசுல. போன அன்னிக்கிலேருந்து திரும்புற வரைக்கும் வாந்தி. எங்கப்பா மானமே போச்சு. அதுக்கப்புறம்தான் கரையில கத்தியப் புடிச்சேன்."

"முதுகுவலின்னுல்ல சொன்னீங்க?" என்றாள் டோரீன். "கல்யாணமான நாள்லேருந்து முதுகுவலின்னுதானே சொல்லிட்டிருக்கீங்க?"

"முதுகும் வலிச்சுது."

"இதையும் சொல்லணுமா?" என்று லோர்னா கேட்டாள். "உள்ளத உள்ளபடி," என்றாள் டோரீன். லோர்னா சொன்னாள். ஷொசே ஒரு நொடி பார்த்துவிட்டு, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். தானும் இன்றைக்கும் கப்பல் ஏறினால் முதல் மூன்று நாள் சாப்பாட்டைக் கடலுக்குத்தான் கொடுப்பதாகச் சொன்னார். மரூஷாவுக்கு இது புதுச் செய்தி. அங்கே ஒரு சின்னச் சண்டை நடந்தது. அதை மட்டும் யாரும் மொழிபெயர்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஆண்கள் பேசவில்லை, பெண்கள் பேசினார்கள். சபேலாவுக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள் என்று மரூஷா கேட்டாள். நான் பார்ப்பேன் என்றாள் டோரீன். லோர்னாவை நான் பார்த்துக்கொள்வேன், எங்கள் வீட்டிலேயே இருக்கட்டும், சபேலாவின் கட்டில் காலியாகத்தானே கிடக்கும் என்றாள் மரூஷா. இந்தப் பெண் என்ன சாப்பிடமாட்டாள்?

"பட்டாணி தொடமாட்டா," என்றாள் டோரீன். "காலைல எழுப்பினா கடிப்பா. மாதவிடாய் சமயத்துல சுடுதண்ணிப் பை வேணும்."

"அம்மா, இதெல்லாம் நானே எப்படிச் சொல்றது?"

"நீதானே மொழிபெயர்ப்பாளர்."

செப்டம்பரில் இரண்டு பெண்களும் இடம் மாறினார்கள். லோர்னாவுக்கு விசா வாங்க நெவில்தான் மான்செஸ்டருக்கு வண்டி ஓட்டினார், ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. முதல் தடவை ஏதோ ஒரு தாளில் முத்திரை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

சபேலா வந்து கொஞ்ச நாளிலேயே தெருவுக்கு அவளைத் தெரிந்துவிட்டது. நெவில் அவளை ரொட்டிக்கடைக்குக் கூட்டிப்போய், "இது எங்க லோர்னாவுக்குப் பதிலா வந்தது," என்று அறிமுகப்படுத்துவார். உருளைக்கிழங்கும் முட்டையும் போட்டு அவள் ஒரு தடிமனான அடை சுட்டாள். அதன் தலையில் நெவில் ஹல்லுக்கே உரிய சிவப்பு சிப்ஸ் பொடியைத் தூவினார். அடுத்த தடவை அவளே தூவினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் இருந்தபோது, அவள் நேராகக் கேட்டாள். "நெவில், ஏன் வெளிய போகணும்னு ஓட்டுப் போட்டீங்க?"

டோரீன் கரண்டியோடு நின்றுவிட்டாள். நெவில் கோபப்படவில்லை. அப்பாவின் கப்பலைப் பற்றிச் சொன்னார். கூடம் மூடியதைச் சொன்னார். எங்கோ உட்கார்ந்து யாரோ இவ்வளவு மீன்தான் பிடிக்கலாம் என்று சொல்வதைப் பற்றிச் சொன்னார். அவள் கடைசிவரை கேட்டாள்.

"எங்கப்பாவும் பிரஸ்ஸல்ஸப் பத்தி இதையேதான் சொல்வார்," என்றாள். "அச்சு அசல் இதே மாதிரி. மேசையக் கூட இதே மாதிரி தட்டுவார்."

"அப்ப அவர் ஓட்டுப் போட்டிருந்தா?"

"உள்ளேயேதான்னு போட்டிருப்பார். திட்டறதுக்கு ஆள் வேணாமா?"

நெவில் அன்றைக்கு முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

வீகோவில் லோர்னாவுக்கு முதலில் கஷ்டமாக இருந்தது. அங்கே வீட்டில் எல்லோரும் ஸ்பானியம் பேசவில்லை, அந்தப் பகுதிக்கே உரிய கலீசிய மொழி பேசினார்கள். படித்த மொழியே பாதிதான் தெரியும், இது வேறா என்று அழுதாள். தொலைபேசியை வைத்துவிட்டு நெவில் சமையலறையில் நின்றார்.

"அவ அழறா," என்றார் சபேலாவிடம். "நான் என்ன சொல்லணும்னு தெரியல."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். எங்கம்மாகிட்ட சொல்லிட்டேன். சூப் அடுப்புல ஏறியாச்சு. அத குடிச்சிட்டு எந்தப் பொண்ணும் அழுததில்ல. அவ்ளோ கீரை போடுவா, அழ வாய் இருக்காது."

நவம்பரில் பேசியபோது லோர்னா பாதி வாக்கியத்தில் கலீசியச் சொல் கலந்தாள். டிசம்பரில், ஷொசே அடுத்த பயணத்துக்குக் கிளம்பும்போது, மரூஷாவோடு துறைமுகத்துக்குப் போய்க் கையாட்டிவிட்டு வந்தாள். தன் அப்பாவின் அப்பா கடலுக்குக் கிளம்பும்போது அப்படிக் கையாட்ட யாரும் போகக்கூடாது, அபசகுனம் என்று ஹல்லில் சொல்வார்களே என்று அவளுக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது. மரூஷாவிடம் சொன்னாள். அது ஆங்கிலேயக் கப்பலுக்கு மட்டும்தான் என்றாளாம் மரூஷா.

ஜனவரியில் சபேலா ரயில் ஏறினாள். நெவில் பெட்டியை உள்ளே வைத்துவிட்டு இறங்காமல் நின்றார். வண்டி கிளம்பப்போகிறது என்று டோரீன் கத்த வேண்டியதாயிற்று. இரண்டு நாள் கழித்து அதே நிலையத்தில் லோர்னா இறங்கினாள். அந்த இரண்டு நாள் வெள்ளை அறை காலியாக இருந்தது. நெவில் அதன் கதவைச் சாத்தியே வைத்திருந்தார் என்று டோரீன் சொன்னாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். சபேலா போய்ச் சொன்னதைக் கேட்டு மறு வருடம் எல்விராவின் வகுப்பில் இரண்டு கைகள் உயர்ந்தன. தெருவில் இன்னொரு வீடு கதவைத் திறந்தது. இரண்டு பேர் வந்தார்கள், இரண்டு பேர் போனார்கள். அவ்வளவுதான். ஜெர்மன்காரர்கள் திரும்பவில்லை. வீடு கொடுக்க ஆளில்லாத பிள்ளைகள் என் அறைக்கு வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். அவர்களை நினைத்தால் இப்போதும் மனசு ஒரு மாதிரி ஆகிறது. ஒரு பையன் இத்தாலிக்குப் போக ஆசைப்பட்டான், நல்ல பையன். அவனுக்காக ஊர் ஊராகத் தொலைபேசியில் கேட்டேன். ஒன்றும் நடக்கவில்லை.

லோர்னா படிப்பை முடித்து, கப்பல் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தாள். சம்பளம் வந்ததும் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வீகோவுக்கு டிக்கெட் எடுத்துக்கொடுத்தாள். அவளுக்கு விடுப்பு கிடைக்கவில்லை.

திரும்பி வந்ததும் டோரீன் என் வீட்டுக்கு வந்தாள். மூக்கெல்லாம் வெயிலில் உரிந்திருந்தது.

"விமான நிலையத்துல ரெண்டு வரிசை, மாவிஸ். ஐரோப்பாக்காரங்க சும்மா நடந்து போறாங்க. எங்க வரிசை நகரவே இல்ல. இவர ஒரு வார்த்த கேட்டுடணும்னு நாக்கு துடிச்சுது, விட்டுட்டேன்."

"அப்புறம்?"

"வெளிய ஷொசே நின்னுட்டிருந்தாரு. பாவம், எவ்ளோ நேரமோ. சபேலா வேலைக்குப் போயிட்டா, ராத்திரிதான் வருவா. பேச யாருமில்ல. ரெண்டு பேரும் கையப் புடிச்சிக்கிட்டு மாடு மாதிரி நிக்கறாங்க. அப்புறம் அவரு இவரோட கைய திருப்பி, இந்த வெட்டுத் தழும்பையெல்லாம் பாத்தாரு. தன் கையில ஒரு விரல் பாதி இல்ல, அதக் காட்டினாரு."

மறுநாள் காலை இரண்டு ஆண்களும் மீன் சந்தைக்குப் போனார்களாம். மதியச் சாப்பாட்டுக்குத்தான் வந்தார்கள். நெவில் அங்கே ஒரு கடைக்காரனிடம் கத்தியை வாங்கி, ஒரு பெரிய மீனை அறுத்துக் காட்டியிருக்கிறார். கூட்டம் கூடிவிட்டதாம்.

"என்ன பேசினீங்கன்னு கேட்டேன்," என்றாள் டோரீன். "எல்லாந்தான்னாரு. எந்த மொழியிலன்னு கேட்டா, கத்தி புடிக்கிற மாதிரி கையக் காட்டறாரு."

வரும் கிறிஸ்துமஸுக்கு ஷொசேவும் மரூஷாவும் ஹல்லுக்கு வருகிறார்கள். நெவில் இப்போது குளியலறைக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருக்கிறார்.